பெருங்குடல் புற்றுநோய்ச் சோதனை: யாருக்கு அவசரம், யார் யோசித்துச் செய்யலாம்?



கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை செய்கிற பிள்ளைகள் இப்போது அப்பா அம்மாவின் உடம்பைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறார்கள். "அப்பாவ ஒரு தடவ டவுனுக்குக் கூட்டிப் போயி முழு செக்கப் பண்ணிருங்க, காசு அனுப்புறேன்" என்று போனில் சொல்கிறார்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் அதே லயத்தில், இரண்டு காம்பிரா தள்ளி, ஒரு அக்கா ஆறு மாதமாக மலத்தோடு இரத்தம் போவதை யாரிடமும் சொல்லாமல் மலை ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். கேட்டால், "அது மூலச்சூடு, மோர் குடிச்சா சரியாப் போயிரும்" என்பார்.

இந்த இரண்டு பேருக்கும் வைத்தியர்கள் செய்வது ஏறக்குறைய ஒரே சோதனையாக இருக்கலாம். ஆனால் இரண்டு பேரின் நிலைமையும் ஒன்றல்ல. முதலாமவர் சுகமாக இருக்கிறார். அவருக்குச் சோதனை செய்வதில் நன்மையும் உண்டு, தொல்லையும் உண்டு. இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்து ஆறுதலாக முடிவெடுக்கலாம். அந்த அக்காவுக்கோ தராசே தேவையில்லை. அவர் இந்தக் கிழமையே வைத்தியரைப் பார்க்க வேண்டும். நம் மத்தியில் பல நேரம் நடப்பது தலைகீழாக இருக்கிறது. சுகமாக இருப்பவருக்குக் கடன் வாங்கி டெஸ்ட் எடுக்கிறோம். நோய்க்குறி உள்ளவரை வீட்டில் வைத்துக் கைமருந்து கொடுக்கிறோம். அதனால்தான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாக எழுத நினைத்தோம்.

பெருங்குடல் என்பது என்ன?

நாம் சாப்பிடும் சாப்பாடு இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்கும், அங்கிருந்து பெருங்குடலுக்கும் போகிறது. பெருங்குடல் ஏறத்தாழ 5 அடி நீளமான ஒரு குழாய். மிச்சமுள்ள தண்ணீரை உறிஞ்சி எடுத்து, கழிவை மலமாக்குவது அதன் வேலை. அதன் கடைசிப் பகுதியை மலக்குடல் என்கிறோம்.

வயது போகப் போக இந்தக் குழாயின் உள்சுவரில் சின்னச் சின்ன முளைகள் தோன்றலாம். வைத்தியர்கள் இதைப் 'பொலிப்' என்பார்கள். இவற்றில் பெரும்பாலானவை ஒரு தொந்தரவும் செய்யாமல் அப்படியே இருந்துவிடும். சில மாத்திரம் மெல்ல மெல்ல வளர்ந்து புற்றுநோயாக மாறும். அப்படி மாறுவதற்கு வழக்கமாகப் 10 வருடமோ அதற்கு மேலோ எடுக்கும்.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, இந்த நோய் ஆறுதலாக வளர்வதால், முளையாக இருக்கும்போதே கண்டுபிடித்து வெட்டிவிட்டால் புற்றுநோய் வராமலே தடுக்கலாம். மற்றது, வெட்டி எடுக்கிற முளைகளில் பலவற்றை விட்டுவைத்திருந்தாலும் அவை ஒன்றும் செய்திருக்காது. எது கெட்டது, எது சும்மா கிடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாததால் எல்லாவற்றையும் வெட்டுகிறார்கள். சோதனையின் நன்மையும் தொல்லையும் இந்த இடத்திலிருந்தே தொடங்குகின்றன.

இந்த அறிகுறிகள் இருந்தால் தாமதம் வேண்டாம்

நன்மை தீமையைப் பேசுவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

மலத்தோடு இரத்தம் போவது. சிவப்பாகவும் போகலாம், கலந்து கருஞ்சிவப்பாகவும் போகலாம்.

மலம் போகிற வழக்கம் மாறுவது. ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவருக்கு மூன்று நாலு கிழமையாகத் தொடர்ந்து வயிற்றோட்டம், அல்லது மலச்சிக்கல், அல்லது இரண்டும் மாறி மாறி வருவது.

போய்விட்டு வந்த பிறகும் இன்னும் மிச்சம் இருக்கிற மாதிரித் தோன்றிக்கொண்டே இருப்பது.

காரணம் இல்லாமல் உடம்பு மெலிவது, சாப்பாடு பிடிக்காமல் போவது.

வயிற்றில் கட்டி தட்டுப்படுவது, அல்லது வயிறு ஊதிப் பிடித்து வலிப்பது.

இரத்தச்சோகை. இதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

நம் தோட்டங்களில் பெண்களுக்கு இரத்தம் குறைவது சாதாரண விஷயமாகப் போய்விட்டது. மாதவிடாய், பிள்ளைப்பேறு, சத்துள்ள சாப்பாடு குறைவு, கொக்கிப்புழு எனப் பல காரணம் உண்டு. பூச்சி மருந்தும் இரும்புச்சத்துக் குளிசையும் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் ஒரு ஆணுக்கு இரும்புச்சத்துக் குறைந்து இரத்தச்சோகை வந்தால், அல்லது மாதவிடாய் நின்றுபோன பெண்ணுக்கு வந்தால், அல்லது ஒழுங்காகக் குளிசை குடித்தும் இரத்தம் கூடவில்லை என்றால், உடம்புக்குள் எங்கோ இரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் குடலில் கசிகிற இரத்தம், "மலை ஏற முடியல, மூச்சு வாங்குது" என்ற முறைப்பாடாகவே முதலில் வெளிவரலாம். "வயசாச்சு, அதான்" என்று விட்டுவிடக் கூடாது.

இரும்புச்சத்துக் குளிசை குடிக்கிறவர்களுக்கு மலம் கறுப்பாகப் போகும். அது இரத்தமல்ல, பயப்பட வேண்டாம். பீட்ரூட் சாப்பிட்டாலும் சிவப்பாகத் தெரியலாம். ஆனால் குளிசை ஒன்றும் குடிக்காமல் மலம் தார் மாதிரிக் கறுப்பாக, ஒட்டிக்கொண்டு, கெட்ட நாற்றத்தோடு போனால் அது இரைப்பைப் பக்கத்து இரத்தமாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மலத்தோடு இரத்தம் போகிற பலருக்குக் காரணம் மூலம்தான் என்பது உண்மை. ஆனால் மூலமா வேறு எதுவுமா என்பதை வீட்டில் இருந்து தீர்மானிக்க முடியாது. மூலமும் புற்றுநோயும் ஒரே ஆளுக்கு இருக்கவும் கூடும். வைத்தியர் கையுறை போட்டு ஒரு நிமிடம் விரலால் பார்த்தாலே மலக்குடல் கட்டிகள் பல தட்டுப்படும். "சீச்சீ, அத எப்படிக் காட்டுறது" என்ற வெட்கத்தால் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெண்கள் பெண் வைத்தியரைக் கேட்கலாம். அல்லது கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்று சொல்லலாம். சின்ன வயசு என்றும் ஒதுக்க வேண்டாம். இந்த நோய் 50 வயதுக்கு மேலேயே அதிகம் என்றாலும், அதற்குக் கீழும் வருகிறது.

இந்த நோய் குடல் சுவரைத் தாண்டாமல் இருக்கும்போது கண்டுபிடிக்கப்பட்டவர்களில், அமெரிக்கக் கணக்கின்படி, 10 பேரில் 9 பேர் 5 வருடத்துக்கு மேல் உயிரோடு இருக்கிறார்கள். ஈரல், நுரையீரல் என்று பரவிய பிறகு கண்டுபிடித்தால் 10 பேரில் ஒருவர், இரண்டு பேர்தான். ஆகவே அறிகுறி உள்ளவர் ஆறு மாதம் பொறுத்திருப்பது பெரிய ஆபத்து.

அறிகுறி இல்லாதவருக்கு என்ன சோதனை?

ஒரு குறையும் இல்லாதவரைச் சோதித்துப் பார்ப்பதை 'ஸ்கிரீனிங்' என்பார்கள். நாம் இங்கே முன்சோதனை என்று சொல்வோம். பெருங்குடலுக்கு முக்கியமாக இரண்டு விதமான முன்சோதனை உண்டு.

முதலாவது மலச்சோதனை. கொஞ்சம் மலத்தை ஒரு சிறு குப்பியில் எடுத்துக் கொடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று ஆய்வுகூடத்தில் பார்ப்பார்கள். பழைய முறையில் இறைச்சி சாப்பிட்டாலும் சில மரக்கறி சாப்பிட்டாலும் பிழையாகக் காட்டக்கூடும். இப்போதுள்ள புதிய முறை மனித இரத்தத்தை மாத்திரம் காட்டும்; சாப்பாட்டுப் பத்தியம் தேவையில்லை. வலி இல்லை, ஆபத்தும் இல்லை. ஆனால் ஒரு தடவை செய்தால், புற்றுநோய் உள்ள 5 பேரில் ஏறத்தாழ 4 பேரைத்தான் பிடிக்கும். ஒருவர் தப்பிவிடுவார். அதனால் வருடா வருடமோ இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையோ திரும்பச் செய்ய வேண்டும். ஒரு தடவை செய்து 'நெகட்டிவ்' என்று வந்த துண்டை அலுமாரியில் வைத்துக்கொண்டு, பிறகு இரத்தம் போனாலும் "எனக்குத்தான் டெஸ்ட் எடுத்தாச்சே" என்று இருந்துவிடக் கூடாது.

இரண்டாவது கெமரா சோதனை. 'கொலனஸ்கொப்பி' என்பார்கள். விரல் தடிப்புள்ள, வளையக்கூடிய நீண்ட குழாயை ஆசனவாய் வழியாக அனுப்பி, பெருங்குடல் முழுவதையும் பார்ப்பார்கள். முளை இருந்தால் அந்த இடத்திலேயே வெட்டி எடுக்கலாம். இதற்குக் குடல் சுத்தமாக இருக்க வேண்டும். முதல் நாள் தண்ணிச் சாப்பாடு மாத்திரம். லீட்டர் கணக்கில் பேதி மருந்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். பல தடவை கக்கூசுக்குப் போக வேண்டி வரும். கக்கூஸ் லயத்துக்குக் கீழே, மழையில் வழுக்குகிற படிக்கட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீட்டில், 65 வயது ஆள் இரவெல்லாம் ஏறி இறங்குவதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சோதனை அன்று மயக்க ஊசி போட்டால், கூட ஒருவர் போய்க் கூட்டிவர வேண்டும். ஆக இரண்டு பேருக்கு இரண்டு நாள் பேர் போகும்.

நன்மை எவ்வளவு?

"சோதிச்சா நல்லதுதானே" என்று பொதுவாகச் சொல்வதை விட, எவ்வளவு நல்லது என்று பார்ப்போம்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 50 முதல் 80 வயது வரையான 46,000க்கு மேற்பட்டவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். அதன் முடிவு 1993இல் வெளியானது. வருடா வருடம் மலச்சோதனை செய்தவர்களில், 13 வருடத்தில் 1000 பேருக்கு ஏறத்தாழ 6 பேர் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தார்கள். சோதனை செய்யாதவர்களில் 1000 பேருக்கு ஏறத்தாழ 9 பேர் இறந்தார்கள். அதாவது 1000 பேர் வருடா வருடம் சோதித்தால் 3 பேர் இந்த நோயால் சாவது தவிர்க்கப்பட்டது. மூன்றில் ஒரு பங்கு மரணம் குறைந்தது என்றும் இதைச் சொல்லலாம். இரண்டும் ஒரே கணக்கு. ஆனால் 'மூன்றில் ஒரு பங்கு' என்று கேட்கும்போது மிகப் பெரிதாகத் தோன்றுகிறது. '1000 பேரில் 3 பேர்' என்றால் உண்மையான அளவு புரிகிறது. விளம்பரத்தில் எப்போதும் முதல் கணக்கைத்தான் போடுவார்கள். நீங்கள் இரண்டாவது கணக்கைக் கேளுங்கள்.

அதே ஆட்களை 30 வருடம் வரை கவனித்தபோதும் இந்த நோயால் சாவது குறைந்தே இருந்தது. ஆனால் எல்லாக் காரணங்களாலும் இறந்தவர்களின் தொகையைப் பார்த்தால், இரண்டு பக்கமும் வித்தியாசம் இருக்கவில்லை. வயதானவர்களுக்கு மாரடைப்பு, பாரிசவாதம், சலரோகம் என்று வேறு வழிகளிலும் ஆபத்து வருகிறது அல்லவா?

2022இல் போலந்து, நோர்வே, சுவீடன் ஆகிய நாடுகளில் செய்த கெமரா சோதனை ஆய்வின் முடிவு வெளியானது. 55 முதல் 64 வயது வரையானவர்களில் ஒரு பகுதியினரைச் சோதனைக்கு அழைத்தார்கள், மற்றவர்களை அழைக்கவில்லை. 10 வருடத்தில், அழைக்கப்பட்டவர்களில் 1000 பேருக்கு ஏறத்தாழ 10 பேருக்கும், அழைக்கப்படாதவர்களில் 12 பேருக்கும் பெருங்குடல் புற்றுநோய் வந்தது. இறந்தவர்கள் இரண்டு பக்கமும் 1000க்கு ஏறத்தாழ 3 பேர். அழைக்கப்பட்டவர்களில் 100க்கு 42 பேர்தான் சோதனைக்குப் போனார்கள். எல்லோரும் போயிருந்தால் நன்மை இன்னும் கொஞ்சம் கூடியிருக்கலாம். வருடம் போகப் போகவும் கூடலாம்.

ஆகவே முன்சோதனையில் நன்மை உண்டு, அது உண்மையான நன்மை. ஜப்பானில் 1992 முதலும் இங்கிலாந்தில் 2006 முதலும் அரசாங்கமே மலச்சோதனையை மக்களுக்குக் கொடுத்து வருகிறது. ஆனால் 1000 பேர் சோதித்து ஒரு சிலரே பலன் அடைகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

தொல்லை எவ்வளவு?

முதல் தொல்லை வீண்பயம். மலச்சோதனையில் 'பொசிட்டிவ்' என்று வந்தால் புற்றுநோய் என்று அர்த்தமல்ல. இரத்தம் இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். வெளிநாட்டு அனுபவத்தின்படி புதிய முறையில் 1000 பேரைச் சோதித்தால், ஏறத்தாழ 50 பேருக்கு அப்படி வரும். கெமராவில் பார்க்கும்போது அந்த 50 பேரில் இரண்டு, மூன்று பேருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். இன்னும் சிலருக்கு முளைகள் இருக்கும். பாதிப்பேர் அளவில் ஒன்றும் இராது, அல்லது மூலம் போன்ற சின்னக் காரணமாக இருக்கும். ஆனால் அந்த முடிவு வரும் வரை எல்லா 50 குடும்பத்திலும் தூக்கம் போய்விடும். லயத்தில் ஒரு வார்த்தை வெளியே போனால், "அவருக்குக் கேன்சராம்" என்று மறுநாள் காலை பெரட்டில் பேச்சாகிவிடும்.

இரண்டாவது, கெமரா சோதனையால் வருகிற ஆபத்து. திறமையான கையில் அது பொதுவாகப் பாதுகாப்பானதே. ஆயினும் 10,000 பேருக்குச் செய்தால் 3 முதல் 5 பேருக்குக் குடலில் ஓட்டை விழக்கூடும். ஏறத்தாழ 15 பேருக்குப் பெரிய இரத்தப்போக்கு வரக்கூடும். ஓட்டை விழுந்தால் ஒப்பரேஷன் தேவைப்படலாம். வயதானவர்களுக்கும், இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து கூட. பேதி மருந்தால் உடம்பில் தண்ணீர் வற்றி மயங்கி விழுவதும் உண்டு. சலரோகத்துக்கு மருந்து எடுப்பவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் அதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். சுகமாக இருந்த ஒருவருக்கு, நாம் தேடிப்போன சோதனையால் இப்படி நேர்ந்தால் அது சின்ன விஷயமல்ல.

மூன்றாவது, தொடர்ந்து வருகிற அலைச்சல். முளை ஒன்றை வெட்டினால், சில வருடத்துக்குப் பிறகு திரும்பப் பார்க்க வரச் சொல்வார்கள். அந்த முளை ஒருவேளை ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கும். ஆனாலும் அந்த ஆள் இனிமேல் 'நோயாளி'தான்.

நான்காவது, காசு. அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் இல்லை. ஆனால் பஸ் செலவு, சாப்பாடு, வேலை போன நாள் எல்லாம் உண்டு. தனியார் ஆஸ்பத்திரியில் செய்தால் கட்டணமும் சேரும். நகையை அடகு வைத்து, சம்பளத்தின் மேல் கடன் வாங்கி, அறிகுறி இல்லாத ஒருவருக்குச் செய்ய வேண்டிய சோதனை இதல்ல என்பதைத் தெளிவாகச் சொல்கிறோம்.

இன்னொரு எச்சரிக்கை. 'முழு செக்கப்' பட்டியலில் சில இடங்களில் 'கேன்சர் இரத்தப் பரிசோதனை' என்று சீ.ஈ.ஏ. என்ற ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். புற்றுநோய் இருக்கிறது என்று ஏற்கனவே தெரிந்தவருக்குச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்கவே அது உதவும். சுகமாக இருப்பவருக்கு நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அது சரியான சோதனை அல்ல. ஆரம்ப நிலையில் புற்றுநோய் இருந்தும் சாதாரணமாகக் காட்டும். சிகரெட், பீடி குடிப்பவருக்கு நோய் இல்லாமலே கூடுதலாகக் காட்டும். அதற்குக் காசு கட்ட வேண்டாம்.

நம் நாட்டில் நிலைமை என்ன?

இலங்கையில் ஆண்களுக்கு வாய்ப் புற்றுநோயும் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும் முன்னணியில் நிற்கின்றன. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயும் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்றுதான், கூடியும் வருகிறது. ஆயினும் ஐரோப்பா, ஜப்பான், அமெரிக்கா ஆகிய இடங்களோடு ஒப்பிட்டால் இங்கே இன்னும் குறைவு.

இது ஏன் முக்கியம்? நோய் குறைவாக உள்ள இடத்தில் 1000 பேரைச் சோதித்தால், காப்பாற்றப்படுகிறவர்களின் தொகையும் குறையும். ஆனால் வீண்பயமும் பேதி மருந்தும் கெமராவால் வருகிற ஆபத்தும் அவ்வளவாகக் குறையாது. வெளிநாட்டில் தராசு ஒரு பக்கம் சாய்கிறது என்பதற்காக இங்கேயும் அதே அளவு சாயும் என்று சொல்ல முடியாது. கெமரா சோதனை செய்கிற இடங்களும் கண்டி, பேராதனை, கொழும்பு போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளே. அங்கே வரிசையில் நிற்பவர்களில், இரத்தம் போகிறவருக்கு முதலிடம் கொடுப்பதே நியாயம்.

அதேநேரம், நம் குடும்பங்களுக்குக் கைக்கெட்டிய தூரத்தில் வேறு சோதனைகள் இருக்கின்றன. எம்.ஓ.எச். காரியாலயத்தின் சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துச் சோதனை இலவசமாகச் செய்கிறார்கள். மார்பையும் பார்க்கிறார்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர்கள் வாயைத் திறந்து காட்டுவதற்கு ஒரு சதமும் செலவில்லை. கேரளாவில் திருவனந்தபுரத்துப் பக்கத்தில் கிராமம் கிராமமாகப் போய் வாயைப் பார்த்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். புகையிலையோ மதுவோ பாவிக்கிறவர்களில் வாய்ப் புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததை 2005இல் அறிவித்தார்கள். வாயில் வெள்ளைத் தழும்பு, சிவப்புத் தழும்பு, இரண்டு கிழமையாகியும் ஆறாத புண், வாய் திறக்கக் கஷ்டம் ஆகியவை உள்ளவர்கள் முதலில் அதைக் காட்டுங்கள். கைக்கெட்டிய இந்தச் சோதனைகளை விட்டுவிட்டு, காசு கட்டிப் பெருங்குடலைச் சோதிக்கப் போவது முறையல்ல.

அறிகுறி இல்லாவிட்டாலும் யார் கட்டாயம் கேட்க வேண்டும்?

சிலருக்கு மற்றவர்களை விட ஆபத்து கூட. அவர்களுக்குத் தராசு சோதனையின் பக்கமே சாயும்.

அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர், பிள்ளை ஆகிய இவர்களில் ஒருவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், அதிலும் 60 வயதுக்கு முன் வந்திருந்தால், அல்லது இரண்டு பேருக்கு வந்திருந்தால், வைத்தியரிடம் சொல்லுங்கள். இப்படிப்பட்டவர்கள் 40 வயதிலோ, அல்லது அந்த உறவினருக்கு நோய் வந்த வயதுக்கு 10 வருடம் முன்பாகவோ, எது முந்தியோ அப்போது, கெமரா சோதனையைத் தொடங்குவது வழக்கம். உதாரணமாக அண்ணனுக்கு 45இல் வந்தால் தம்பி 35இல் கேட்க வேண்டும். சில குடும்பங்களில் பரம்பரையாக நூற்றுக்கணக்கான முளைகள் வருகிற நோயும் உண்டு. அங்கே பிள்ளைகளையும் இளவயதிலேயே காட்ட வேண்டும்.

குடலில் நீண்டகாலப் புண் நோய் உள்ளவர்களும், முன்பு முளை வெட்டப்பட்டவர்களும் வைத்தியர் சொன்ன தவணைப்படி போக வேண்டும்.

இதற்கெல்லாம் தாத்தா, பாட்டி, சித்தப்பா, அத்தை என்ன நோயால் இறந்தார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். "வயித்துல கட்டி வந்து செத்தாரு" என்று மட்டும் தெரிந்தால், ஆஸ்பத்திரித் துண்டுகள் ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

மற்றவர்கள் எப்படி முடிவெடுப்பது?

50 வயது தாண்டி, சுகமாக, குடும்பத்திலும் நோய் இல்லாமல் இருப்பவர்கள் சோதிப்பதும் பிழையல்ல, சோதிக்காமல் விடுவதும் பிழையல்ல. செய்வதென்றால் மலச்சோதனையோடு தொடங்கலாம். அதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து இந்த நாலு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று: எனக்கு உண்மையிலேயே அறிகுறி ஒன்றும் இல்லையா? இருந்தால் இந்தக் கணக்கு எனக்கில்லை. நான் நேரே வைத்தியரிடம் போக வேண்டும்.

இரண்டு: மலச்சோதனையில் 'பொசிட்டிவ்' வந்தால் கெமரா சோதனைக்குப் போவேனா? "அதெல்லாம் என்னால முடியாது" என்பவர், முதல் சோதனையைச் செய்வதால் பயம் மட்டுமே மிஞ்சும்.

மூன்று: இன்னும் 10 வருடம் ஓரளவு சுகமாக இருக்கக்கூடிய உடம்பா? முன்சோதனையின் பலன் கைக்கு வர ஏறத்தாழ அவ்வளவு காலம் எடுக்கும். 60 வயதில் திடமாகக் கவ்வாத்து வெட்டுகிறவருக்கு அது பொருந்தலாம். இருதயம் பலவீனமாகிப் படுக்கையில் இருக்கிற 78 வயதுப் பாட்டிக்குத் தொல்லை மாத்திரம்தான் மிஞ்சும். 75 வயதுக்கு மேல் பல நாடுகளில் இதைப் பொதுவாக நிறுத்திவிடுகிறார்கள்.

நாலு: இதற்குக் கடன் வாங்க வேண்டி வருமா? வருமென்றால், இப்போதைக்கு விட்டுவிடலாம்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பாவுக்கு டெஸ்டுக்குக் காசு அனுப்புவதற்கு முன், "அப்பா, வயித்தால ஒழுங்காப் போகுதா? ரத்தம் கித்தம் போகுதா? உடம்பு மெலிஞ்சிருக்கா?" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். அந்த மூன்று கேள்விக்கும் செலவு இல்லை. அம்மாவிடமும் கேளுங்கள், அம்மாமார் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது

முதலில் தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டுங்கள், அல்லது பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஓ.பீ.டி.க்குப் போங்கள். "வயிறு சரியில்ல" என்று மட்டும் சொன்னால் இரைப்பை மருந்து கொடுத்து அனுப்பிவிடக்கூடும். எத்தனை நாளாக, எப்படிப்பட்ட இரத்தம், உடம்பு மெலிந்ததா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். மொழி தெரியாவிட்டால் படித்த பிள்ளை ஒன்றைக் கூடக் கூட்டிச் செல்லுங்கள். கொடுக்கிற றிப்போட்டுகளை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். மருந்து கொடுத்து நாலு கிழமையாகியும் இரத்தம் நிற்காவிட்டால், திரும்பப் போய், "இன்னும் போகுது, மேல பார்க்கணுமா டாக்டர்?" என்று மரியாதையாக, ஆனால் தெளிவாகக் கேளுங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு கொடுத்தால் தவணையைத் தவற விடாதீர்கள்.

சோதனை செய்கிறவர், செய்யாதவர் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. சிகரெட், பீடி, சாராயம், கசிப்பு ஆகியவை இந்த நோயின் ஆபத்தைக் கூட்டுகின்றன. கீரை, மரக்கறி, பருப்பு, பழம் சாப்பிடுவதும் உடம்பை அளவாக வைத்திருப்பதும் குறைக்கின்றன. வெறும் கோதுமை மா ரொட்டியோடு நிறுத்தாமல், வீட்டுத் தோட்டத்தில் நாலு பாத்தி கீரை போடுவது நல்லது.

ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்

இரத்தம் போனால், மல வழக்கம் மாறினால், காரணமில்லாமல் மெலிந்தால், இரத்தச்சோகை தேறாவிட்டால் தாமதிக்க வேண்டாம். மூலம் என்று நீங்களே முடிவெடுக்க வேண்டாம்.

இரத்த உறவில் இந்த நோய் இருந்தால், சுகமாக இருந்தாலும் வைத்தியரிடம் கேளுங்கள்.

மற்றவர்களுக்கு இது ஆறுதலாக யோசித்து எடுக்க வேண்டிய முடிவு. கடன் வாங்கிச் செய்ய வேண்டியதல்ல.

வாய்ச் சோதனை, சுகவனிதையர் கிளினிக் இரண்டையும் முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கத்தைப் படித்த பிறகு, படிக்கத் தெரியாத பக்கத்துக் காம்பிராப் பெரியவர்களுக்கும் வாசித்துச் சொல்லுங்கள். சொல்லாமல் வைத்திருக்கிற அக்கா யாராவது அங்கே இருக்கலாம்.